எடுக்காமல் விட்ட கத்தி

காலை ஆறே முக்கால் மணி, பதினொரு கத்தி, எல்லப்ப மேஸ்திரி. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் இருந்த தோல் ஷாப்பில் என் வேலைநாள் இப்படித்தான் தொடங்கும்.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்பார்கள். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுகிறவனின் தொழில் ஒரு மாதிரியானது. எல்லோரும் அவனை நல்லவன் என்பார்கள். ஒருவரும் அவனிடம் வர விரும்ப மாட்டார்கள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கட்டுப் போடப் பழகிவிட்டு, 1925-ல், என் இருபத்திரண்டாவது வயதில் அந்த வேலைக்குப் போனேன். உத்தியோகப் பெயர் டிரெஸ்ஸர். ஆனால் எந்தக் காயத்துக்கும் முதலில் டிஞ்சர் அயோடின் தடவுவேன் என்பதால், சின்னவர்களுக்கு நான் டிஞ்சரையா, பெரியவர்களுக்கு வெறும் டிஞ்சரு. இப்போது ஒரு தினசரியில் செய்தி எழுதிப் பிழைக்கிறேன்.

முக்கியமான செய்தியைக் கடைசியில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பத்திரிகைப் பாடம். ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கன்னியப்பன் என்ற ஒரு தொழிலாளியின் வலது கையும் வேலையும், நான் எழுதிய ஒரு காகிதத்தால் ஆபத்தில் மாட்டின. அந்த விஷயத்தில் நான் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டியவன் என்பதுதான் இதில் மற்றதெல்லாம். வீட்டுக் கவலை ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதனால் அதிகம் விளக்கத் தேவையில்லை.

முதல் நாள்

சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழிந்த தோலைச் சாய்வான மரக்கட்டையின் மேல் போட்டு, உள்பக்கத்துச் சதையைச் சீவி எடுப்பார்கள். அந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. முழங்கை நீளம் இருக்கும், வில் மாதிரி வளைந்திருக்கும். தோலை வயிற்றால் கட்டையோடு அழுத்திக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துக் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். ஒரு விரற்கடை தவறினால் தோல் கிழியும். இரண்டு விரற்கடை தவறினால் என்னிடம் வர வேண்டும்.

எல்லப்ப மேஸ்திரி தினமும் காலையில் பெட்டியைத் திறந்து பதினொரு கத்திகளையும் பதினொரு கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டே போவார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும், பேச்சு கம்மி. ஆட்கள் வந்து அவரவர் கத்தியை எடுத்துக்கொள்வார்கள். நான் போன முதல் நாள் ஒருவர் மட்டும் கட்டைக்கு எதிரே நின்றார், கத்தியைப் பார்த்தார், அதை எடுக்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார். மேஸ்திரி பட்டைக் கொட்டகையிலிருந்து ஒரு மாற்றாளைக் கூப்பிட்டு அந்தக் கட்டையில் நிறுத்தினார். மாற்றாளுக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. பத்துத் தோல் சீவ வேண்டிய இடத்தில் ஆறு சீவினார். போனவர் சாயங்காலம் வரை மூட்டை சுமந்தார். அவருக்கு அன்றைய கூலியில் குறைவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசு சரியில்லாதவன் அன்றைக்குக் கத்தியைத் தொட வேண்டாம் என்பது அங்கே எழுதாத வழக்கம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வயசுக்குரிய ஆத்திரம். "என்ன மேஸ்திரி, ஏன் போறார்னு கேக்க வேண்டாமா?" என்றேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்:

"கேட்டா கூச்சப்பட்டுக்கினு எடுத்துடுவான் சார். கிடக்கட்டும்."

ஒரே சொல்

ஷாப்பில் காயம் பட்டால் எழுதி வைக்க ஒரு நீளப் புத்தகம் இருந்தது. தேதி, பெயர், எந்த இடத்தில் காயம், காரணம். காரணத்துக்கு விட்ட இடம் என் கட்டைவிரல் அகலம். "ஒரு சொல்லில் முடியுங்கள்" என்று மானேஜர் சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. தினமும் சென்னையிலிருந்து தபால் வாங்குகிறவர், அவ்வளவுதான். நான் கண்டுபிடித்த ஒரு சொல் "அஜாக்கிரதை". அது எல்லாக் காயத்துக்கும் பொருந்தியது. எழுத்தும் அழகாக வந்தது.

ஒரு நாள் சாமுவேல் இடது முன்கையில் நாலு அங்குல வெட்டோடு வந்தார். பத்து வருஷம் கத்தி பிடித்தவர். கட்டிக்கொண்டே விசாரித்தேன். தம்பி கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்கிறான். "உடனே வரவும்" என்று முந்தின நாள் தந்தி வந்திருக்கிறது. மறுநாள் வண்டிக்குத்தான் போக முடியும். எதற்காக வரச் சொன்னார்கள் என்று தந்தியில் இல்லை. 'அப்படி இருக்க, இன்றைக்கு ஏன் கத்தியை எடுத்தீர்' என்று கேட்டேன். சும்மா இருந்தால் நினைப்பு ஜாஸ்தி ஆகிறது என்றார்.

புத்தகத்தில் எழுதிக் கைநாட்டு வாங்கப் போனபோது, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன். (தம்பிக்குக் கால் முறிந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது.) சாமுவேல் சொன்னார்:

"அஜாக்கிரதைன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதுங்க. தந்தி வந்துச்சுன்னு எழுதுங்க, அது தெரியும்."

நான் மாற்றி எழுதவில்லை. அந்த இடத்தில் இரண்டு சொல் கொள்ளாது.

காதர் பாயின் மருதாணி

துக்கம்தான் ஆளைக் கவிழ்க்கும் என்று நினைத்துவிட வேண்டாம். காதர் பாய் தரம் பிரிக்கிறவர். காய்ந்த தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தே, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லிவிடுவார். சுண்ணாம்புக் குழிப் பக்கம் அவருக்கு வேலையே கிடையாது. இருந்தும் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பெண்ணுக்கு மறுநாள் நிக்காஹ், எத்தனை படி அரிசி, எத்தனை ஆடு என்று விரல் மடக்கிக்கொண்டே நடந்து, நேரே குழிக்குள் காலை வைத்துவிட்டார்.

முழங்கால் வரை சுண்ணாம்பு. இழுத்துப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். இரண்டு பாதமும் செக்கச்செவேல் என்று கிடந்தன. நான் எண்ணெய் தடவித் துணி சுற்றச் சுற்ற, அவர் ஒரு முறைகூட முனகவில்லை. ஆட்டுக்கறி போதுமா என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார். "பாய், சம்பந்தி வீட்டார் முன்னால் இந்தக் காலோடு எப்படி நிற்பீர்கள்?" என்றேன்.

"கேட்டா, பொண்ணுக்கு வெச்ச மருதாணி மிச்சமாச்சு, எனக்கும் பூசிட்டாங்கன்னு சொல்லிடறேன் டிஞ்சர் சாப்."

முருகேசனின் திருவிழா

இனி என் தப்புக்கு வருகிறேன். அதற்கு முருகேசன் ஒரு சாக்கு.

வைகாசியில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் திருவிழா. கத்தி பிடிக்கிறவர்களில் இளைஞனான முருகேசனுக்கு அங்கே மாமியார் வீடு. போய்விட்டு வந்த மறுநாள் கத்தியை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் பட்டைக் கொட்டகையில் மூட்டைமேல் சாய்ந்தபடி, கூத்தில் பார்த்த வேஷக்காரன் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்ததை நானே கண்டேன். பெண்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனக்கவலை இப்படி இருக்குமா?

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தே விட்டிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தன் ஏமாத்தினா எல்லாரும் ஏமாத்துவாங்க மேஸ்திரி" என்றேன். அவர் பதில்:

"தூக்கம் கெட்ட பையன் சார். பொய் சொல்லி ரெண்டு நாள் மூட்டை தூக்கினா தூக்கட்டும். அவன் கைக்கு நீ கட்டு போட வாணாம்ல?"

என் அறிக்கை

அந்த வருஷம், 1926-ல், ஐப்பசியில் ஷாப்புக்குப் பெரிய ஆர்டர் வந்தது. கப்பல் தேதி குறித்தாகிவிட்டது. மழை வேறு, தோல் காய மாட்டேன் என்கிறது. மானேஜருக்குத் தினம் ஒரு தபால் போய், தினம் இரண்டு தபால் ஆயிற்று. ஆட்களை அரை மணி முன்னதாக வரச் சொன்னார்கள். கட்டைகளில் மாற்றாட்கள் நின்றதால் தோல் குறைகிறது, காயமும் குறையவில்லை, இதற்கு என்ன வழி என்று மானேஜர் என்னைக் கேட்டார். என்னை ஒருவர் யோசனை கேட்பது அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கம் எழுதினேன். காயத்துக்குக் காரணங்கள்: ஒன்று, மழுங்கின கத்தி, இரண்டு, வழுக்கும் தரை, மூன்று, ஆட்கள் தங்கள் இஷ்டப்படி வேலை மாறுவது. முதல் இரண்டையும் சரி செய்யச் செலவாகும். மூன்றாவதற்கு ஓர் உத்தரவு போதும். மறுநாளே உத்தரவு வந்தது. கத்தியைக் கட்டைமேல் வைக்கக் கூடாது, ஆளின் கையில் நேராகக் கொடுக்க வேண்டும். வாங்க மறுப்பவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், கூலி கிடையாது. அஜாக்கிரதையால் பெரிய காயம் பட்டவனுக்கு ஷாப்பில் இடமும் கிடையாது. கடைசிச் சொற்றொடர் என்னுடையதல்ல. ஆனால் அதற்கு வழி விட்டது என் காகிதம்.

எங்கள் பக்கத்து வீடுகளில் அரிவாள்மணையைக்கூட ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பேச்சு. மேஸ்திரி முதல் கத்தியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க வூட்ல இந்தப் பழக்கம் கெடையாது சார். நீ படிச்சவன், எழுதினே. குடுக்கறேன்."

பச்சையம்மாவின் கணக்கு

அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு பேர் என்னிடம் வந்தார்கள். எல்லாம் சின்னக் காயங்கள். மழையால் தரை வழுக்குகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பட்டை இடிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி, பச்சையம்மா. கணியம்பாடிப் பக்கத்துக்காரி, வாய்க்குப் பயந்து மானேஜரே அந்தக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவார். ஒரு நாள் பத்து மணி இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அங்க பாரு" என்று காட்டினாள். சுவரோரம் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் சட்டியின் மேல் மூடிய துணியை அவிழ்க்கவே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் இப்படி இருக்கிறவன் மறாநாளு இங்க வந்து என்கூடப் பட்டை இடிப்பான். நான் நாலு ஏச்சு ஏசுவேன், சிரிப்பான், சாயங்காலம் கூழைக் குடிப்பான். இப்ப ஒருத்தனும் வர்றதில்ல."

அந்த ஆள் முந்தின வாரம் என்னிடம் வந்த நால்வரில் ஒருவர். சுட்டுவிரலில் நான் போட்ட கட்டு இன்னும் இருந்தது. "காயம் ஆறிக்கிட்டு வருது" என்றேன். பச்சையம்மா உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

"சோறு எறங்காதவனுக்கு டிஞ்சர் தடவினா எல்லாம் ஆறிடுமா? இன்னா படிப்பு படிச்சியோ, போ!"

ஒன்பதரை மணி

கன்னியப்பனுக்கு மாதனூர். தினமும் ஆற்றோரமாக நடந்து வருவார். முப்பது வயது, ஒல்லியான உடம்பு, நல்ல கைக்காரர். அவர் சீவின தோலில் காதர் பாய் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கார்த்திகை முதல் வாரம் அவருடைய மூன்று வயதுப் பெண்குழந்தை விஷ ஜுரத்தில் படுத்தது. ஐந்தாம் நாள் காலையில் மேஸ்திரி கத்தியை நீட்டியபோது, கன்னியப்பன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரி நீட்டின கையை மடக்கவில்லை, ஆனால் முன்னால் கொண்டுபோகவும் இல்லை. மானேஜர் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலி இல்லாமல் வீட்டுக்குப் போனால் குழந்தைக்கு மருந்து இல்லை. கன்னியப்பன் கத்தியை வாங்கினார்.

ஒன்பதரைக்கு மானேஜர் அறைக் கடிகாரம் ஓர் அடி அடித்தது. கன்னியப்பன் தலையைத் தூக்கினார். பக்கத்துக் கட்டையில் நின்ற சாமுவேல் இதைப் பார்த்ததாகச் சொன்னார். தலையைத் தூக்கின அந்தக் கணத்தில் உடம்பு முன்னால் போயிற்று, தோல் நழுவிற்று, ஈரக் கைப்பிடியிலிருந்து வலது கை வழுக்கிக் கத்தியின் அலகு நெடுகப் போய்விட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் தோலில்தான் தொங்கின. வெட்டு உள்ளங்கை நடுவரை போயிருந்தது.

முழங்கைக்கு மேல் துணியை முறுக்கிக் கட்டி, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ரத்தத்தை நிறுத்தினேன். விரலைப் பற்றி ஏதாவது கேட்பார், என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மணி இன்னா சார்? பத்து மணிக்கு ஒரு வேளை மருந்து குடுக்கணும்னு அவகிட்ட சொல்லாம வந்துட்டேன்."

சாமுவேல் போனது

யாரும் யாரையும் கேட்கவில்லை. சாமுவேல் தன் கட்டைமேல் கத்தியை அப்படியே போட்டுவிட்டு, வாசலில் நின்ற ஆபீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதனூருக்குப் போய்விட்டார். அதற்கு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நான் கன்னியப்பனை ஜட்கா வண்டியில் ஆம்பூர் ஸ்டேஷனுக்கும், அங்கிருந்து ரயிலில் காட்பாடிக்கும், பிறகு வேலூர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். வழியெல்லாம் அவர் கேட்ட ஒரே கேள்வி, சாமுவேல் மிதித்தால் மாதனூருக்கு எத்தனை நேரம் ஆகும் என்பது.

மறுநாள் சாமுவேலைப் பார்த்தேன். சைக்கிள் சங்கிலி இரண்டு தடவை கழன்றதாம். போய்ச் சேரும்போது பத்தே கால். குழந்தை கண் திறந்து பார்த்ததாம். "அவங்க வீட்டில் காயத்தைப் பற்றி என்ன சொன்னீர்?" என்று கேட்டேன்.

"மொதல்ல மருந்து குடு தாயின்னேன். அப்புறம் தண்ணி வாங்கிக் குடிச்சேன். அதுக்கப்புறந்தான் சொன்னேன்."

காரணம் என்ற இடம்

காயம் பட்ட இரண்டாம் நாள் மானேஜர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கன்னியப்பன் பெயருக்கு நேரே காரணம் மட்டும் காலியாக இருந்தது. நான் வழக்கமான சொல்லை எழுதினால், புது உத்தரவுப்படி அவர் வேலை போயிற்று. கைக்கு என்ன ஆகும் என்பது ஆஸ்பத்திரி டாக்டர் பாடு. வேலைக்கு என்ன ஆகும் என்பது என் பேனாவின் பாடு.

எழுதினேன். அந்த இடம் போதாமல் ஓரத்திலும், பிறகு அடுத்த பக்கத்திலும் எழுதினேன். குழந்தைக்கு ஜுரம், ஐந்து நாளாகத் தூக்கமில்லை, கத்தியை வாங்கத் தயங்கினார், புது உத்தரவால் வாங்கினார், அந்த உத்தரவு டிரெஸ்ஸரின் அறிக்கையால் வந்தது, டிரெஸ்ஸருக்கு அப்போது பழைய வழக்கத்தின் அருமை தெரியாது. கடைசியில் என் பெயரை முழுதாக எழுதினேன். அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மருந்துப் பெட்டிச் சாவியைக்கூட மானேஜர் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தேன். மேஸ்திரி உள்ளே வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்தேன். "கத்தியை நீட்டினவன் நானு. எம் பேரையும் போடு" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

மானேஜர் இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. திரும்பி வந்து உட்கார்ந்து, சாவியை என் பக்கம் தள்ளினார்.

"நாளையிலிருந்து பழையபடி கட்டைமேலேயே வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், இவ்வளவு நீளமாக எழுதாதீர்கள். புத்தகம் சென்னையிலிருந்து வர வேண்டியிருக்கிறது."

ஆஸ்பத்திரியில்

மாதத்துக்கு ஒரு தடவை வேலூர் லாங் பஜாரில் பஞ்சும் துணியும் டிஞ்சரும் வாங்கப் போவேன். அந்த மாதம் நான்கு தடவை போனேன். அத்தனை பஞ்சு எதற்கென்று கடைக்காரர் கேட்டார்.

முதல் தடவை போனபோது கை முழங்கை வரை வீங்கியிருந்தது. இரண்டு விரலையும் அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். சீழ் மேலே ஏறினால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஷாப்புக் காயத்தில் சுண்ணாம்பும் அழுக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துவைத்திருப்பதில் அன்று ஒரு பிரயோஜனமும் இல்லை. பத்தாம் நாள் வீக்கம் நின்றது. பன்னிரண்டாம் நாள் இறங்கிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிழைத்தன. நான்காவது தடவை போனபோது கட்டிலருகே அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், மொட்டை போட்ட தலையோடு, அந்தக் குழந்தை ஒரு பொறை பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்க நான்கு வாரமாக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே கன்னியப்பன் இடது கையைத் தூக்கி நிறுத்தினார். புத்தகத்தில் நான் எழுதினதை மேஸ்திரி வந்து சொல்லியிருக்கிறார்.

"மொதல்ல எழுதினதும் நீங்க, அப்புறம் எழுதினதும் நீங்க. எனக்கு ரெண்டாவது போதும். கொழந்தைக்கு இன்னொரு பொறை வாங்கியாங்க."

காதர் பாய் கேட்டது

வலது கையில் மூன்று விரலோடு இரண்டு கைப்பிடிக் கத்தியை இனிப் பிடிக்க முடியாது. பட்டை மூட்டை தூக்கவும் முடியாது. இடம் உண்டு என்று மானேஜர் சொல்லிவிட்டார். என்ன இடம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் கன்னியப்பன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபடியே ஐந்து மாதம் கடந்துவிட்டது. சாமுவேலும் முருகேசனும் வாரம் ஒருவராக மாதனூர் போய் அரிசி கொடுத்துவிட்டு வந்தார்கள். முருகேசன் கூடவே கூத்து வேஷமும் போட்டுக் காட்டியிருக்கிறான். அந்தக் குழந்தை அவனைக் கண்டாலே சிரிக்குமாம்.

வழி காட்டினவர் காதர் பாய். மானேஜர் அறைக்குள் போய், தனக்குக் கண் மங்கிவருகிறது, தரம் பிரிக்க ஒரு துணை வேண்டும் என்றார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நானே போன மாதம் பார்த்திருந்தேன். மானேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இருந்தாலும் விரல் இல்லாதவன் எப்படித் தோல் பார்ப்பான் என்று மானேஜர் கேட்டார். காதர் பாய் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார்.

"தோல் பாக்க இந்த ரெண்டு போதும் சாப். மத்த மூணை நானே இருபத்தஞ்சு வருஷமா சும்மா சொமந்துக்கினு கீறேன்."

பிறகு நானும் ஷாப்பை விட்டுப் பத்திரிகைக்கு வந்தேன். தினமும் எங்காவது ஓர் ஆலையில், ஒரு கிணற்றில், ஒரு ரயில்பாதையில் யாருக்காவது காயம் பட்ட செய்தி மேஜைக்கு வருகிறது. எந்த இயந்திரம், எந்த உறுப்பு, எத்தனை மணி என்று எல்லாம் சரியாக இருக்கும்; அன்று காலை அந்த ஆள் வீட்டில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது, அதற்கு இடம் கேட்டால் ஆசிரியர் விளம்பரம் வந்திருக்கிறது என்பார். ஆக, கத்தியால் வெட்டுப்படுகிறவனைவிடக் கவலையால் வெட்டுப்படுகிறவனே அதிகம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷப் படிப்பும், ஒரு தப்பான அறிக்கையும், படிக்காத ஐந்தாறு பேரின் பொறுமையும் தேவைப்பட்டன.

1927 ஜூன் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கன்னியப்பன் தரம் பிரிக்கும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தார்.